மகிழினியும் மறுக்கும் செவிகளும்: எல்லைத் தமிழர் இசைநுகர்வை முன்வைத்து ஒரு மறுப்புரை

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சரிகம நிறுவனம் தன் 'ஒரிஜினல்ஸ்' வரிசையில் 'மகிழினி' என்னும் தமிழ்க் காட்சிப்பாடலை வெளியிட்டது. மதன் கார்க்கி இயற்றிய அப்பாடலுக்குக் கோவிந்த் வசந்தா இசையமைத்தார், கீர்த்தனா வைத்தியநாதன் பாடினார், வி.ஜி. பாலசுப்ரமணியன் இயக்கத்தில் கௌரி கிஷனும் அனகாவும் நடித்தனர். இரு பெண்களுக்கிடையே அரும்பும் காதலே அதன் பாடுபொருள். திரைப்படத்தோடு தொடர்பின்றி வெளிவரும் இத்தகைய தனிப்பாடலைத் தமிழ் மக்கள் 'ஆல்பம் பாட்டு' என்றே வழங்குகின்றனர். பல பாடல்களின் தொகுதிக்கு உரிய பெயர் ஒற்றைப் பாடலுக்கு ஆகிவந்தது ஆகுபெயர் ஆய்வாளர்க்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அஃது ஈண்டு நிற்க.

பாடல் வெளிவந்ததும் கேட்போர் இரு கூறாயினர். ஒரு கூற்றார் இது தமிழ்ப் பண்பாட்டிற்கு அயலானது என்றனர். மறு கூற்றார் துணிச்சலான முயற்சி எனக் கொண்டாடினர். முன்னவர் பாடலைக் கேட்காமலே வெறுத்தனர் என்றால், பின்னவர் பாடலைக் கேட்காமலே போற்றினர் எனலாம். இருவர்க்கும் பேசுபொருளாய் நின்றது காட்சியே. இசையும் சொல்லும் எவராலும் எடைபோடப்படவில்லை. தமிழ்த்துறைகள் இவ்வழக்கில் வாய் திறவாமல் இருந்தது மூன்றாவது நிலைப்பாடு. அம்மௌனத்தை நடுவுநிலைமை எனக் கொள்ளுதல் பிழை.

இவ்வழக்கைப் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் வைத்துப் பேசுதற்குக் காரணம் உண்டு. 'மகிழினி'யின் மொழி தமிழ். இசையமைப்பாளர் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாலக்குடாவைச் சேர்ந்தவர், 'தைக்குடம் பிரிட்ஜ்' இசைக்குழுவின் வழி மலையாளக் கேட்போர்க்கும் '96' (2018) திரைப்படத்தின் வழித் தமிழ்க் கேட்போர்க்கும் ஒருசேர அறிமுகமானவர். அனகா மலையாளத் திரையிலிருந்து தமிழுக்கு வந்தவர். இரு மொழிகளுக்கும் நடுவே பிறந்த இப்பாடலுக்கு இயல்பான கேட்போர் என்று எவரையேனும் சுட்ட வேண்டுமாயின், கொழிஞ்சாம்பாறையிலும் மீனாட்சிபுரத்திலும் வண்டிப்பெரியாற்றிலும் மூணாற்றிலும் வாழும் தமிழரையே சுட்டவேண்டும். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கொச்சி நாட்டின் பகுதியாயிருந்த சித்தூர் வட்டமும், மலபார் மாவட்டத்தின் பகுதியாயிருந்த பாலக்காடும், திருவிதாங்கூரின் பகுதியாயிருந்த தேவிகுளம், பீருமேடு வட்டங்களும் கேரளத்தில் அடங்கின. அன்று தொட்டு இப்பகுதித் தமிழர் இரு மொழியிலும் பாட்டுக் கேட்கின்றனர். தமிழிசை உலகிற்கு இவ்வெல்லை ஈந்தவை குறைந்தன அல்ல: எலப்புள்ளியில் 1928இல் பிறந்தவர் எம்.எஸ். விசுவநாதன்; சித்தூரில் 1934இல் பிறந்தவர் பி. லீலா.

பண்பாட்டிற்கு அயல் என்னும் வாதம்

முதற்கண் எதிர்ப்பாளர் கூற்றை ஆராய்வோம். அகமரபில் ஒருவனும் ஒருத்தியுமே உண்டு. எனவே ஒருத்தியும் ஒருத்தியும் கொள்ளும் காதல் தமிழுக்குப் புறம்பு என்பது அவர்தம் வாதம். முதற்பாதி உண்மை. தொல்காப்பியர் வகுத்த அன்பின் ஐந்திணையில் தலைவனும் தலைவியுமே உளர், அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் அதிலிருந்து இரண்டாம் பாதி எவ்வாறு பெறப்படும்? ஐந்திணை என்பது செய்யுள் ஒழுக்கம், ஊர்ச்சட்டம் அன்று. ஐந்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டிக் கூறலாகாது என்கிறது அகத்திணையியல். அவ்விதியை வாழ்க்கைக்கு ஏற்றினால் காதலர் எவரும் தம்முள் பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளலாகாது என்று முடியும். அவ்வாறு எவரும் வாதிடுவதில்லை. தமக்கு வேண்டிய விதியை மட்டும் செய்யுளிலிருந்து பிடுங்கி வாழ்க்கையில் நடுவது இலக்கணம் கற்றோர் செயலன்று.

மேலும் ஒன்று நோக்கத்தக்கது. தொல்காப்பியர் ஐந்திணையை மட்டும் கூறி நிறுத்தவில்லை. கைக்கிளையை முதலிலும் பெருந்திணையை இறுதியிலும் வைத்தே எழுதிணை என எண்ணினார். தாம் சிறப்பென்று கருதாததற்கும் இலக்கணத்தில் இருக்கை அளித்த பெருந்தன்மை அது. சொல்லதிகாரக் கிளவியாக்கத்தில் ஆண் பெண் என்னும் பிரிவினுள் எளிதில் அடங்காத மாந்தரைக் குறிக்கும் சொற்கள் உயர்திணை முடிபே கொள்ளும் என்றும் அவர் விதித்தார். சிலப்பதிகாரம் கூறும் பதினோராடலுள் பேடும் ஒன்று. பால் பற்றிய பன்மையைத் தமிழ் நூல்கள் அறிந்திருந்தன என்பதற்கு இவை போதும். இவற்றிற்கு மேல் இவை எதனையும் நிறுவா.

இக்கடைசித் தொடரை அழுத்திச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம், ஆதரவாளருள் சிலர் செய்யும் வேறொரு தவறு. தலைவிக்கும் தோழிக்கும் இடையிலான நெருக்கமெல்லாம் தன்பாலீர்ப்பே என்றும், கோப்பெருஞ்சோழன் பிசிராந்தையார் நட்பும் அவ்வகையதே என்றும் உரை காண்போர் உளர். பனுவலுக்கு வெளியே நின்று பனுவலுக்குள் வேண்டியதை இட்டு எடுக்கும் இவ்வாசிப்பு ஆய்வு ஆகாது. அதனினும் பெருந்தீங்கு வேறு. பழைய சான்று இருந்தால்தான் இன்றைய மாந்தர்க்கு வாழ இடம் உண்டு என்னும் எதிராளியின் கொள்கையை இவர்களும் ஒப்புக்கொண்டு, அவன் அமைத்த மன்றத்திலேயே சென்று வழக்காடுகின்றனர். கைம்பெண் மறுமணத்திற்குச் சங்கச் சான்று தேடியா அவ்வுரிமை நிலைபெற்றது?

செவி அறியாத பால்

இனிச் சொல்லமைதிக்கு வருவோம். காதற்பாடல்களிற் பெரும்பாலன தன்மையிலும் முன்னிலையிலும் நடப்பன. தமிழில் 'நான்', 'நீ' என்னும் சொற்களுக்குப் பால் இல்லை. 'வந்தேன்', 'வந்தாய்' என்னும் வினைமுற்றுகளுக்கும் இல்லை. 'வந்தான்', 'வந்தாள்' எனப் படர்க்கையில்தான் பால் விளங்கும். மலையாளம் இன்னும் ஒரு படி அப்பால் சென்றது. அங்குப் படர்க்கை வினையிலும் பாலறி விகுதி வீழ்ந்துவிட்டது. 'அவன் வந்நு', 'அவள் வந்நு', 'அவர் வந்நு' என மூன்றிற்கும் வினை ஒன்றே. எனவே இரு மொழியும் புழங்கும் எல்லைத் தமிழர் நாள்தோறும் பால் சுட்டாத காதற்பாடல்களையே மிகுதியும் கேட்கின்றனர். பாடுவோர் குரலையும் திரையில் தோன்றும் உருவத்தையும் கொண்டு பாலை இட்டு நிரப்புவது கேட்போர் செவியே.

இதனை உணர்ந்தால் எதிர்ப்பின் இயல்பு விளங்கும். தேயிலைத் தோட்டத்து லயத்திலோ பாலக்காட்டுச் சாலையோரத் தேநீர்க் கடையிலோ இப்பாடலைக் காட்சியின்றிக் கேட்பவர் ஒரு பெண் குரலைக் கேட்பார். 'மகிழினி' என்னும் பெயரைக் கேட்பார். ஆண் பாட வேண்டிய பாட்டைப் பெண் பாடுகிறாள் போலும் என்று கடந்து செல்வார்; தமிழ்ச் செவிக்கு அப்பழக்கம் புதிதன்று. திரையைக் கண்டபின்னரே சினம் பிறக்கிறது. அதாவது, பாடல் செய்த குற்றம் யாதும் இல்லை. கேட்பவர் தாமே இட்டு நிரப்பும் உரிமையைக் காட்சி பறித்துக்கொண்டது என்பதே குற்றம். பெயரைப் பற்றியும் ஒரு சொல். யாழினி, இசையினி, மகிழினி எனப் பெண்மக்கட்குத் தனித்தமிழ்ப் பெயரிட வேண்டுமென்று மேடைதோறும் முழங்கியோர் நம்மவரே. அப்பெயருடையாளை வேறொருத்தி அன்போடு அழைக்கும்போது மட்டும் அது தமிழாய் ஒலிக்கவில்லை போலும்.

பிறபால் குரலில் காதல் பாடுதல் நம்மிடை வழிவழி வந்ததே. கபிலர் தலைவி கூற்றாய்ப் பாடினார். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடினர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் (1813–1846) நாயகி நிலையில் நின்று பதங்கள் இயற்றினார். அவற்றை மீசை வைத்த பாகவதர்கள் கச்சேரியில் பாடும்போது எவரும் திடுக்கிட்டதில்லை. பாலக்காட்டுச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் கலந்து ஆடப்படும் பொறாட்டு நாடகத்தில் குறத்தியும் தாசியும் ஆடவர் புனையும் வேடங்களே. ஊரார் குடும்பத்தோடு அமர்ந்து கண்டனர். ஆணுடல் பெண்குரலை மேற்கொள்ளலாம் என்பதில் மரபுக்குத் தடையில்லை. ஆயினும் அவ்விடங்களிலெல்லாம் காதலின் இலக்கு ஆணே, பெரும்பாலும் இறைவனாகிய ஆண். ஒரு பெண் மற்றொரு பெண்ணை நோக்கிக் காதல் பாடும் இடம் காலியாகவே கிடந்தது. மரபை எடுத்துக்காட்டி 'மகிழினி'யைக் காக்க விழைவோர் இவ்வெற்றிடத்தை மறைக்கலாகாது.

திரையிசையில் இரு பெண் குரல் இணைந்தபோது நிகழ்ந்தது யாது? 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) திரைப்படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடும் போட்டி நடனத்தைத் தமிழுலகம் மறக்கவில்லை. அதற்குக் குரல் தந்தவர் சித்தூர் லீலாவும் ஜிக்கியும். இருவரும் ஆடலில் ஒருவரையொருவர் வெல்ல முனைவது அவைநடுவே வீற்றிருக்கும் ஆடவனை முன்னிட்டே; இடையில் பி.எஸ். வீரப்பா மகிழ்ந்து குறுக்கிடுவதையும் யாவரும் அறிவர். இரு பெண்கள் சேர்ந்து பாடினால் அவர்கள் போட்டியாளராகவோ, தோழியராகவோ, உடன்பிறந்தாராகவோ இருத்தல் வேண்டும் என்பது திரையிசையின் எழுதப்படாத நூற்பா. 'மகிழினி' அந்நூற்பாவை மீறியது. அதுவே அதன் வரலாற்று இடம்.

தோட்டத்து வாழ்வும் மேட்டிமை என்னும் பழியும்

எதிர்ப்பாளருள் இன்னொரு சாரார் சற்று மதிக்கத்தக்கவர். பண்பாடு பேசாமல் இவர் வர்க்கம் பேசுகின்றனர். இடுக்கித் தமிழர்க்குக் கூலியும் மனையும் நிலவுரிமையுமே சிக்கல். இரு பெண்களின் காதல் என்பது நகரத்து மேட்டுக்குடியினரின் ஓய்வுநேரச் சிக்கல் என்பது இவர் கருத்து. முற்போக்கு முகாமிலிருந்தே இக்குரல் எழுவதால் இதற்கு விரிவான மறுமொழி தேவை.

2015 செப்டம்பரில் மூணாற்றில் நிகழ்ந்ததை நினைவுகூர்க. இருபது விழுக்காடு ஊக்கத்தொகை கேட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் தெருவில் அமர்ந்தனர். பெரும்பாலோர் தமிழர். தொழிற்சங்கத் தலைவர்களை அருகில் சேர்க்க மறுத்தனர். 'பெம்பிளை ஒருமை' எனத் தம் அமைப்பிற்குப் பெயரிட்டனர். மலையாளமும் தமிழும் கூடிப் பெற்ற பெயர் அது. இப்பெண்களுக்கு எது சிக்கல், எது சிக்கலன்று என அதுவரை வரையறுத்து வந்தோர் சங்கத் தலைவர்களான ஆடவரே. அவ்வரையறையைப் பெண்கள் ஒருமுறை கிழித்தெறிந்த பின்னரும், அதே பெண்களின் விருப்பு வெறுப்புகளை அவர்கட்காக வரையறுக்கும் பணியைத் திறனாய்வாளர் மேற்கொள்வது வியப்பே.

தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்பான லயம் பெரும்பாலும் ஓர் அறையும் ஒரு சமையற்பகுதியும் கொண்டது. சுவர் ஒன்றே இரு வீட்டுக்கும் பொது. மணமான இணையர்க்கே தனிமை அரிதாகும் அங்கு, மணம் என்னும் போர்வையும் இல்லாத காதலர்க்குக் கதவு ஏது? கூலிச் சிக்கலும் காதற் சிக்கலும் வெவ்வேறல்ல. வீடு என்னும் ஒரே இடத்தில் அவை சந்திக்கின்றன. நகரத்துப் பெண்ணிற்கு வாடகை வீடும் விடுதியும் வேலையும் தப்பிக்கும் வழியாகலாம். தோட்டத்தில் வேலை போனால் குடியிருப்பும் போகும். ஆகவே இச்சிக்கல் ஏழைக்கு இல்லை என்பது தலைகீழ்ப் பாடம். ஏழைக்கே அது கூர்மையாய் இருக்கிறது.

அக்கூர்மைக்குக் கேரளத்தில் சான்று உண்டு. 'தோழிகள் தற்கொலை' என்னும் சிறு செய்திகள் நாளிதழ்களின் உட்பக்கங்களில் நெடுங்காலம் வந்துகொண்டிருந்தன. பிரித்துவிடுவார்கள் என அஞ்சி இணைந்து இறந்த இளம்பெண்கள் அவர்கள். ஏழைக் குடும்பத்தவர் பலர். இம்மரணங்களைச் செய்தியிலிருந்து எடுத்து ஆவணமாக்கியதில் 2002இல் கேரளத்தில் தோன்றிய 'சகயாத்ரிகா' அமைப்பின் பங்கு முதன்மையானது. அகமரபில் தோழி என்பது உயிர் காக்கும் சொல். செய்தித்தாளில் அதே சொல் உயிர் போன பின்னும் உறவை மறைக்கும் சொல்லாயிற்று. பத்மராஜனின் 'தேசாடனக்கிளி கரயாறில்ல' (1986) திரைப்படமும் இரு மாணவியரின் மரணத்தில்தான் முடிந்தது. லிஜி புல்லாப்பள்ளியின் 'சஞ்சாரம்' (2004) மரணத்தின் விளிம்பிலிருந்து திரும்பும் பெண்ணைக் காட்டியது; அத்திருப்பத்திற்கே மலையாளத் திரை 18 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 'மகிழினி'யின் பெண்கள் சாவதில்லை. இம்முடிவை மிகையின்பம் எனவும் கனவு எனவும் நகைப்போர், முன்னர் வந்த முடிவுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

போற்றுவோர்க்கும் சில சொற்கள்

போற்றியோர் செய்த பிழை சிறிதன்று. 'துணிச்சல்', 'தேவை', 'காலத்தின் குரல்' என்பன அவர்தம் திறனாய்வுச் சொற்கள். இவற்றுள் ஒன்றேனும் இசைக்குரியதா? எந்தப் பாடலுக்கும் எந்த அறிக்கைக்கும் பொருந்தும் சொற்கள் இவை. 'துணிச்சல்' என்னும் பாராட்டில் ஓர் ஒதுக்கல் உண்டு. பிற காதற்பாடல்களுக்கு இடும் அளவுகோலை இதற்கு இடாமல், விலக்களித்து வெளியே நிறுத்தும் ஒதுக்கல் அது.

எல்லைப் பகுதி இதனை வேறொரு வழக்கிலும் கண்டது. அட்டப்பாடி இருளர் பழங்குடியைச் சேர்ந்த நஞ்சியம்மாவுக்கு 'அய்யப்பனும் கோஷியும்' (2020) திரைப்படப் பாடலுக்காக 2022இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. சுருதியும் பயிற்சியும் இல்லாதவர்க்கு இவ்விருதா என இசைத்துறையிலிருந்தே ஒரு குரல் எழுந்தது. உடனே மறுதரப்பினர் பழங்குடிப் பெண் என்னும் ஒரே காரணத்தைக் காட்டி அவரைக் காத்தனர். தமிழுக்கு மிக நெருங்கிய இருளர் மொழியின் ஒலியமைப்பு அப்பாடலின் நடையை எவ்வாறு ஆள்கிறது, பயின்ற பாடகர் அதனைப் பாடினால் எது இழக்கப்படும் என்று கேட்டவர் மிகச் சிலர். இகழ்ந்தோரும் புகழ்ந்தோரும் பாடியவரின் பிறப்பைப் பேசினர். பாட்டு நடுவே தனித்து நின்றது. 'மகிழினி'க்கு முன்னர் நேர்ந்தது பின்னர் நஞ்சியம்மாவுக்கும் நேர்ந்தது என்பதே இதன் பொருள்.

அளவுகோலை இட்டால் 'மகிழினி' எவ்வாறு நிற்கும்? அதன் மெல்லிய இன்னிசை, வயலின் கலைஞராகிய கோவிந்த் வசந்தாவின் பிற காதற்பாடல்களோடு ஒத்த நிறத்தது, அது நிறையே. குறை இரண்டு. முதலாவது, காதலர் இருவர், குரல் ஒன்று. திரையிசை இணைப்பாடலில் ஒத்த அன்புக்கு அடையாளம் இரு குரல்கள் மாறிமாறி ஒலித்தல். ஒரு குரல் மட்டும் பாட மற்றது வாய்வாளாது இருந்தால் இலக்கணப்படி அது ஒருதலைக் காமத்தின் சாயல் கொள்ளும். இங்கே காட்சி ஒத்த அன்பைச் சொல்ல, பாடல் கைக்கிளை வடிவில் நிற்கிறது. சங்கப் பாடலிலும் ஒரு நேரம் ஒருவர் கூற்றே வரும் எனலாம். ஆயின் தொகையாகப் படிப்போர்க்கு அங்கே மறுகூற்று வேறொரு பாட்டில் கிட்டும். தனிப்பாடலாய் வெளிவந்த ஆல்பத்திற்கு அவ்வாய்ப்பு இல்லை. லீலாவும் ஜிக்கியும் போட்டிக்காகப் பெற்ற இரு குரலை மகிழினியும் அவள் காதலியும் அன்புக்காகப் பெறவில்லை என்பது வருந்தத்தக்கது. எதிர்ப்பாளர் எவரும் இக்குறையைக் கூறவில்லை. கேட்டிருந்தால் அன்றோ கூறுவர்.

இரண்டாவது, இப்பாடலுக்கு நிலம் இல்லை. ஊர் சுட்டாத அழகிய வெளி ஒன்றில் காதல் நிகழ்வது ஆல்பம் பாட்டுகளின் பொதுநோய். இதுவும் அதற்கு விலக்கன்று. முதற்பொருள் இன்றி உரிப்பொருள் நிற்கிறது. பிரித்தானியாவில் 1984இல் பிரான்ஸ்கி பீட் என்னும் குழு வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பை இங்கு ஒப்பிடலாம். உடலுறவுக்குச் சட்டம் ஒப்பும் வயதையே அத்தொகுப்பு பெயராய்க் கொண்டது. நாடுதோறும் அவ்வயது எவ்வளவு என்பதை உறையிலேயே அச்சிட்டது. அந்நாளில் பிரித்தானியாவில் ஆணை விரும்பும் ஆணுக்கு அவ்வயது 21; பிறர்க்கு 16. அதன் புகழ்பெற்ற பாடல் சிற்றூரை விட்டுத் தொடர்வண்டி ஏறும் இளைஞனைப் பற்றியது. சட்டமும் ஊரும் புறப்பாடும் அப்பாடலில் உள்ளன. கேட்பவர் தம் ஊரை அதில் வைத்துப் பார்த்தனர். கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக்கும், குமுளியிலிருந்து தேனிக்கும் பேருந்து ஏறும் இளையோர் நம்மிடையே இல்லையா? நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் மூணாற்று மலைகளில் பூத்தது. புணர்தல் நிகழும் குறிஞ்சியை ஏட்டில் படிக்கும் தமிழர்க்கு நடுவே, அம்மலையிலேயே கொழுந்து பறிக்கும் தமிழர் வாழ்கின்றனர். அந்நிலத்தில் நின்று ஒரு பெண் மற்றொருத்தியைப் பாடும் பாடல் இன்னும் எழுதப்படவில்லை எனில், குற்றம் 'மகிழினி'யுடையது மட்டுமன்று.

சொல் என்னும் முதற்சிக்கல்

இறுதியாக, இவ்வழக்கைத் தமிழில் பேசுவோர் கையாளும் சொல்லைக் கவனிக்க வேண்டும். தமிழ் நாளிதழ்களில் நெடுங்காலம் வழங்கிவருவது 'ஓரினச்சேர்க்கை' என்பதே. சேர்க்கை என்பது செயலைக் குறிக்கும், அன்பைக் குறிக்காது. முத்தமும் இல்லாத பார்வை ஒன்றைப் பற்றிய மதிப்புரையிலும் இச்சொல்லே வருகிறது. ஆண் பெண் காதற்பாடலை எவரேனும் 'ஈரினச்சேர்க்கைப் பாடல்' என்பரோ? மலையாளத்தில் 'சுவவர்க்கரதி' என்னும் சொல் உண்டு. அதனினும் 'சுவவர்க்கானுராகம்' என்பது பெருவழக்கு. அதனுள் அனுராகம் இருக்கிறது. எனவே பாலக்காட்டுத் தமிழ் இளைஞன் தன் நிலையை மலையாளத்தில் சொன்னால் அன்பு என்றும், தாய்மொழியில் சொன்னால் செயல் என்றும் ஆகிவிடுகிறது. மொழிப்பற்றைப் பேசுவோர் இவ்விழிவை முதலில் துடைத்திருக்க வேண்டும்.

துடைக்கும் முயற்சி நீதிமன்றத்திலிருந்து வந்தது. 2021 சூன் 7ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய ஆணை, இரு பெண்கள் தொடுத்த வழக்கில் பிறந்தது. பால்விருப்பத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வதை அது தடுத்தது. அவ்வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டரசு 2022 ஆகஸ்டில் கண்ணியமான தமிழ்ச் சொற்களின் தொகுதியை அரசிதழில் வெளியிட்டது. அதே 2022 மே 31இல் கேரள உயர்நீதிமன்றம் பிரிக்கப்பட்ட இரு பெண்கள் சேர்ந்து வாழ வழிவிட்டது. 2018 செப்டம்பர் 6இல் உச்சநீதிமன்றம் குற்றமன்று என்றது. 2023 அக்டோபர் 17இல் மண உரிமையைத் தர மறுத்தது. 2025 மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் மணமின்றியும் குடும்பம் அமையலாம் என்றதோடு, இம்மாந்தரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் 'விந்தையான' என்னும் பொருள் இருத்தலையும் சுட்டித் தயங்கியது. நீதிபதிகள் சொல்லாராய்ச்சி செய்கின்றனர். சொல்லாராய்ச்சியைத் தொழிலாகக் கொண்டோர் வாளாவிருக்கின்றனர்.

அரசிதழ்ச் சொற்கள் தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு உரியன. வாளையாற்றுக்கு இப்பால் அவை தாமாக வந்து சேரா. தமிழ்வழிப் பள்ளிகள் இங்கு உள்ளன. சித்தூர் அரசுக் கல்லூரியிலும் பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் தமிழ்த்துறைகள் உள்ளன. இரு மொழியின் சொல்வழக்கையும் அருகருகே வைத்து எடைபோடத் தகுதியுடையோர் அங்கேதான் உளர். தஞ்சையில் பிறந்த திருநங்கை நேகா, 'அந்தரம்' என்னும் மலையாளப் படத்திற்காக 2022இல் கேரள அரசின் திரைப்பட விருது பெற்றார். இடுக்கி மாவட்டத்துப் பீருமேட்டில் பிறந்த லிஜோமோள் ஜோஸ், 2025 பிப்ரவரியில் வெளிவந்த 'காதல் என்பது பொதுவுடைமை' என்னும் தமிழ்ப்படத்தில் தன் காதலியைப் பெற்றோர்க்கு அறிமுகப்படுத்தும் மகளாய் நடித்தார். 'மகிழினி'க்கு நேர்ந்ததே அப்படத்திற்கும் நேர்ந்தது: மதிப்புரைகளிற் பல மீண்டும் துணிச்சலைப் பேசின, எதிர்ப்புகள் மீண்டும் பண்பாட்டைப் பேசின, பீருமேட்டுப் பெண் ஒருத்தி எந்தத் தமிழில் அக்காதலைச் சொன்னாள் என்பதை எவரும் இதுவரை எழுதவில்லை.